45-ஆம் நாள்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு வழக்கறிஞரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் தேர்தல் ஆணையர்கள் இருவருக்கும்,

வணக்கம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கு நடத்தி வருகிறேன். தேர்தல் வழக்குகளில் ஜெயித்தவருக்காகவும் நின்றிருக்கிறேன், தோற்றவருக்காகவும் நின்றிருக்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் உண்மையில் யார் ஜெயித்தார்கள் என்று வாதாட இந்த மடலை எழுதவில்லை. அதற்கான ஆதாரம் என்னிடம் இல்லை. வாக்குச்சாவடிகளின் கேமராப் பதிவும் ஓட்டுக் கணக்குத் தாள்களுமான அந்த ஆதாரம் யாரிடம் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும், கேட்டால் கிடைக்குமா என்பதுதான் என் கவலை.

2024 ஜூன் மாதக் கடைசியில் தென் மாவட்டத்துக்காரர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். தோற்றுப்போன வேட்பாளரின் மைத்துனர். கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே படிவம் 17சி-யின் நகல்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையெழுத்துப் போட்டு ஏஜென்டுகளிடம் கொடுக்கும் கணக்கு அது. வாக்காளர் பதிவேட்டின்படி எத்தனை பேர், இயந்திரத்தில் எத்தனை ஓட்டு, கருவியின் எண் என்ன, சீல் எண் என்ன, எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். மனிதர் அவற்றைச் சாவடி எண் வாரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒரு தாளில் 612 என்று எழுதி, அதை அடித்து, மேலே 621 என்று திருத்தியிருந்தது. திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை. இன்னொரு சாவடிக்கு நகலே இல்லை. "ஏஜென்ட் பையன் வாங்காம வந்துட்டான் சார், ராத்திரி ஒன்பது மணி ஆயிடுச்சு, பஸ்ஸுக்கு ஓடிட்டான்" என்றார்.

ஒன்பது ஓட்டால் முடிவு மாறாது. அவர் மச்சான் தோற்றது ஆயிரக்கணக்கில். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு கேட்கும் 'முடிவைப் பாதித்தது' என்ற நிபந்தனையை இந்த வழக்கு தாண்டாது என்று சொன்னேன். அவர் வாதாடவில்லை. "தெரிஞ்சுக்கணும் சார், அவ்வளவுதான். ஆறு மணிக்கு வரிசையில நின்னவங்கள்ல எத்தனை பேருக்கு டோக்கன் கொடுத்தாங்கன்னு கேமராவுல இருக்குமே" என்றார்.

கேட்டுப் பார்த்தோம். நீதிமன்ற உத்தரவு வாங்கி வாருங்கள் என்று பதில் வந்தது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால் தேர்தல் வழக்கு போட வேண்டும். வழக்கு போட வேண்டுமானால் 83-ஆவது பிரிவு கேட்கும் முக்கிய விவரங்களை, எந்தச் சாவடி, என்ன நடந்தது, எத்தனை ஓட்டு என்று மனுவிலேயே சொல்ல வேண்டும். சந்தேகத்தை மட்டும் எழுதினால் முதல் விசாரணையிலேயே தள்ளுபடி. விவரமோ கேமராவில் இருக்கிறது. இந்தச் சுற்றை அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் என் காபி ஆறிப்போனது. ஜூன் 4-இல் முடிவு வந்தது. வழக்கு போடும் கெடுவான 45 நாள் ஜூலை 19-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் வழக்கில் ஒரு நாள் தாமதத்தையும் மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. காலவரம்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு இங்கே செல்லாது.

இப்போது 2025 மே 30-ஆம் தேதி நீங்கள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தலுக்கு வருகிறேன். முடிவு வந்து 45 நாளுக்குள் தேர்தல் வழக்கு எதுவும் தாக்கலாகாவிட்டால் சிசிடிவி, வெப்காஸ்டிங், வீடியோ பதிவுகளை அழித்துவிடலாம் என்கிறது அது. வழக்கு போடும் கெடுவும் 45 நாள், பதிவின் ஆயுளும் 45 நாள் என்றால் காகிதத்தில் பொருத்தமாகத்தான் தெரியும். நீதிமன்றப் பதிவகத்தில் ஒரு நாள் வந்து நின்று பாருங்கள். தேர்தல் வழக்குகளில் பல கடைசி நாளன்றுதான் தாக்கலாகின்றன. தாக்கலான மனு உடனே எண் பெறாது. பக்கத்தில் கையெழுத்து இல்லை, இணைப்பு தெளிவாக இல்லை என்று திரும்பி வரும், சரிசெய்து மறுபடி கொடுப்போம், பிறகு நீதிபதி முன் பட்டியலாகும், பிறகு நோட்டீஸ். அந்த நோட்டீஸ் மாவட்டத் தேர்தல் அலுவலரின் மேஜைக்குப் போய்ச் சேர வாரங்கள் ஆகும். 46-ஆம் நாள் காலையில் ஹார்ட் டிஸ்க்கை வைத்திருக்கும் ஊழியருக்கு வழக்கு இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? உங்கள் அறிவுறுத்தலைச் சரியாகப் பின்பற்றும் நேர்மையான ஊழியரே, அறியாமல், ஒரு வழக்கின் ஒரே சாட்சியை அழித்துவிடக்கூடும். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. சாட்சி போனது போனதுதான்.

இதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் வலி கூடுகிறது. 2024 டிசம்பர் 9 அன்று பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம், ஹரியானா தேர்தலின் வீடியோ உள்ளிட்ட ஆவணங்களை ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கச் சொன்னது. டிசம்பர் 20 அன்று, பதினோரே நாளில், உங்கள் பரிந்துரையின் பேரில் மத்திய அரசு தேர்தல் நடத்தை விதிகளின் 93-ஆவது விதியைத் திருத்தியது. தேர்தல் தொடர்பான மற்ற எல்லா ஆவணங்களையும் பொதுமக்கள் பார்க்கலாம் என்று இருந்தது, 'இந்த விதிகளில் குறிப்பிடப்பட்ட' ஆவணங்களை மட்டும் பார்க்கலாம் என்று சுருங்கியது. சிசிடிவி 1961-ஆம் ஆண்டு விதிகளில் எப்படிக் குறிப்பிடப்பட்டிருக்கும்? சிறு சொற்றொடர் ஒன்றைச் செருகினால் பெரிய வாசலை அடைத்துவிடலாம் என்பது வழக்கறிஞர்களுக்குத் தெரியும். அதனால்தான் எங்களுக்கு உறுத்துகிறது.

உங்கள் தரப்புக் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒரு லட்சம் வாக்குச்சாவடிகளின் பதிவைப் பார்க்க ஒரு லட்சம் நாள், அதாவது 273 ஆண்டு ஆகும் என்றீர்கள். சரிதான். ஆனால் எந்தத் தேர்தல் மனுவும் ஒரு லட்சம் சாவடியைப் பற்றிப் பேசாது. என்னிடம் வந்தவருக்குத் தேவைப்பட்டது இரண்டு சாவடி, அதிலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு. தாய்மார்கள், மகள்கள், மருமகள்களின் வீடியோவைப் பொதுவெளியில் பகிரலாமா என்று 2025 ஆகஸ்ட் 17 செய்தியாளர் சந்திப்பில் கேட்டீர்கள். பெண்களின் அந்தரங்கம் எனக்கும் முக்கியம். அதைக் காக்க வழி இருக்கிறது. இணையத்தில் போட வேண்டாம். வேட்பாளருக்கோ அவருடைய வழக்கறிஞருக்கோ, வெளியே விடக் கூடாது என்ற உறுதிமொழியோடு, உங்கள் அலுவலகத்திலேயே உட்கார வைத்துக் காட்டலாம். குடும்ப நீதிமன்றங்களில் இதைவிட அந்தரங்கமான ஆவணங்களைத் தினமும் அப்படித்தான் கையாள்கிறோம். வாக்காளர் பட்டியலில் மோசடி என்று குற்றச்சாட்டு சொன்ன ராகுல் காந்தி ஏழு நாளில் உறுதிமொழிப் பத்திரம் தரவேண்டும் என்று அதே சந்திப்பில் கேட்டீர்கள். சத்தியப்பிரமாணம் பற்றி நீங்கள் காட்டிய விதி, வாக்காளர் பட்டியல் தயாராகும்போது வரும் ஆட்சேபங்களுக்கானது. தேர்தல் முடிந்து, ஆட்சி அமைந்து, ஓராண்டுக்கு மேல் ஆன ஒரு புகாருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

கேமரா எதற்கு உதவும் என்பதற்கு சண்டிகரை நினைத்துப் பாருங்கள். 2024 ஜனவரி 30 மேயர் தேர்தலில் எட்டு வாக்குச்சீட்டுகள் செல்லாதவை என்று தேர்தல் நடத்திய அதிகாரி அறிவித்தார். அவரே பேனாவால் சீட்டுகளில் குறியிடுவது வீடியோவில் பதிவாகியிருந்தது. மூன்றே வாரத்தில், பிப்ரவரி 20 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த முடிவைப் புரட்டிப் போட்டது. அந்தப் பதிவு இல்லாமலிருந்தால் என்னைப் போன்ற வழக்கறிஞர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று பல ஆண்டு வாதாடியிருப்போம்.

கேமரா இல்லாத காலத்தில் காகிதம் அதே வேலையைச் செய்தது. 1971-இல் ரேபரேலியில் இந்திரா காந்தி 1,11,810 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1975 ஜூன் 12 அன்று நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா அந்த வெற்றி செல்லாது என்றார். அடிப்படைகளில் ஒன்று ஒரு தேதி. அரசு ஊழியராயிருந்து இந்திராவின் தேர்தல் வேலைக்கு வந்த யஷ்பால் கபூரின் ராஜினாமா எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது என்ற கேள்வி. நான்கு ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கோப்பு நீதிமன்றத்துக்கு வந்தது. அதற்கடுத்து நெருக்கடி நிலை வந்தது, பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் தொடக்கூடாது என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள், நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தக்கூற்றை வெட்டி எறிந்தது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு கிளார்க் பத்திரமாக வைத்திருந்த கோப்பு அதில் இருந்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நம் ஊரில் ராதாபுரம் இருக்கிறது. சட்டமன்றத் தேர்தல்தான், ஆனாலும் பாடம் ஒன்றே. 2016-இல் 49 ஓட்டு வித்தியாசம். தலைமை ஆசிரியர்கள் சான்றளித்தார்கள் என்பதற்காகச் செல்லாதவை என்று தள்ளப்பட்ட 203 தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி 2019 அக்டோபர் 1 அன்று எங்கள் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்றாம் நாள் எண்ணி முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது. தாமதத்தின் அசிங்கம் அது, அதற்கு நீதித்துறைதான் பதில் சொல்ல வேண்டும், உங்களைக் கேட்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டு கழித்தும் எண்ணுவதற்கு ஓட்டு இருந்தது அல்லவா?

தேர்தல் நடக்கும்போது நீதிமன்றம் தலையிடக் கூடாது, எல்லாவற்றையும் பிறகு தேர்தல் வழக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற சட்டமே நாமக்கல்லில் பிறந்ததுதான். வேட்புமனு தள்ளுபடியான என்.பி. பொன்னுசாமியின் வழக்கில் 1952 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது. உங்கள் வழக்கறிஞர்கள் இன்றுவரை ஒவ்வொரு வழக்கிலும் அதைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். 2024 மே மாதம் 17சி விவரங்களை வெளியிடச் சொல்லிக் கேட்டபோதும் தேர்தல் நடுவில் தலையிட முடியாது என்று இடைக்கால உத்தரவு மறுக்கப்பட்டது. நான் அதை ஏற்கிறேன். ஆனால் 'பிறகு' என்று சொன்னால், பிறகு வரும்போது ஆவணம் இருக்க வேண்டும். நடக்கும்போது கேட்காதே, நடந்தபின் இல்லை என்றால் பொன்னுசாமி வழக்கின் பாதியை நீங்கள் கைவிட்டுவிட்டீர்கள் என்று ஆகும்.

சந்தேகம் ஒரு கட்சிக்குச் சொந்தமில்லை. 2024 தேர்தலுக்குப் பிறகு இயந்திரங்களின் நினைவகத்தைச் சரிபார்க்கப் பணம் கட்டி விண்ணப்பித்த மக்களவை வேட்பாளர்களில் வேலூரில் தோற்ற பாஜக வேட்பாளரும் இருந்தார், விருதுநகரில் தோற்ற தேமுதிக வேட்பாளரும் இருந்தார்.

கென்யாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2007 டிசம்பர் தேர்தலில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட ரைலா ஒடிங்கா, நீதிமன்றத்தில் நம்பிக்கை இல்லை என்று வழக்கே போடவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 2017-இல் அதே மனிதர் வழக்குக்குப் போனார். சர்வர் பதிவுகளைக் காட்டச் சொன்ன உத்தரவுக்குத் தேர்தல் ஆணையம் முழுமையாகக் கட்டுப்படவில்லை; அந்த மறுப்பையே ஆணையத்துக்கு எதிராக எடுத்துக்கொண்டு, செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி டேவிட் மராகாவின் அமர்வு தேர்தலை ரத்து செய்தது. மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணித்தார், அதுவும் அழகாக முடியவில்லை. ஆனால் 2022-இல் 46,000-க்கும் மேற்பட்ட சாவடிகளின் முடிவுப் படிவங்களை அந்த ஆணையம் இணையத்தில் போட்டது. யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்த்தார்கள். வழக்கு வந்தது, ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக முடிவை உறுதிசெய்தார்கள். நம்மிடம் ஏறத்தாழ பத்தரை லட்சம் சாவடி. 17சி ஒரு தாள்தான். வங்கிக் கிளைகள் காசோலையை ஸ்கேன் செய்து அன்றே அனுப்பும் நாட்டில் இது முடியாத காரியம் இல்லை. போலி செய்வார்கள் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். அசல் உங்கள் தளத்தில் இருந்தால்தான் போலியைப் பிடிக்கவே முடியும்.

ஆகவே, அடுத்த தேர்தல் அறிவிக்கை வெளிவரும் முன், மே 30 அறிவுறுத்தலைத் திரும்பப் பெறுங்கள். பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வையுங்கள். உயர் நீதிமன்றப் பதிவாளரிடமிருந்து 'வழக்கு இல்லை' என்று எழுத்தில் வாங்காமல் எந்த மாவட்டத்திலும் அழிக்க விடாதீர்கள். வேட்பாளர் சாவடி எண் சொல்லிக் கேட்டால், முடிவு வந்து பதினைந்து நாளுக்குள், கட்டணம் வாங்கிக்கொண்டே காட்டுங்கள். 93-ஆவது விதியைப் பழையபடி ஆக்க நீங்களே பரிந்துரையுங்கள்.

மஞ்சப்பைக்காரர் மே மாத அறிவுறுத்தலைப் பேப்பரில் படித்துவிட்டுப் போன் செய்தார். "அப்போ அந்தப் படம் இப்ப இருக்காதா சார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். பை இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. அதில் இல்லாத அந்த ஒரு சாவடியின் 17சி உங்கள் அலுவலகம் ஒன்றில் இருக்க வேண்டும். ஒரு நகல் கொடுத்தால் பையைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்