நோட்டுத் திருத்தும் நேரமும் வேலை நேரமே

கொழிஞ்சாம்பாறை, கேரளம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. சென்ற வாரம் தொலைபேசியில், ஆசிரியர் வேலைக்கு வேண்டிய பொறுமை உனக்கு இல்லையோ என்று சந்தேகமாக இருப்பதாகச் சொன்னாய். ஆறுதலாக நான்கு வார்த்தை சொல்லி அதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நீ சொன்ன விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பொறுமை உன்னிடம் வேண்டிய அளவு இருக்கிறது. உன்னிடம் இல்லாதது நேரம். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டிருப்பது, தமிழ்நாட்டில் நீ வேலை செய்யும் தனியார் பள்ளியின் நிர்வாகம்.

வாரத்திற்கு 38 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றாய். அதுவே 25 மணி 20 நிமிடம். ஐந்து பிரிவுகளில் 45 பிள்ளைகள் வீதம் 225 பேர். ஒவ்வொருவருக்கும் வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு என்று இரண்டு. ஒரு நோட்டுக்கு இரண்டே நிமிடம் என்று வைத்தாலும், ஒரு சுற்றுத் திருத்தி முடிக்க 15 மணி நேரம் ஆகும். இரண்டு நிமிடத்தில் பிழையைச் சுழித்துக் கையெழுத்துப் போடலாமே தவிர, அந்தப் பிள்ளை ஏன் அங்கே தவறியது என்று யோசிக்க முடியாது. இந்த இரண்டு வேலைக்கே 40 மணி 20 நிமிடம் போய்விட்ட பிறகு, பாடத்திட்டக் குறிப்பு எழுதுவது, வினாத்தாள் தயாரிப்பது, விடுப்பில் இருப்பவர் வகுப்புக்கு சப்ஸ்டிடியூஷன் போவது, காலையும் மாலையும் பஸ் டியூட்டி, இரவு பத்து மணிக்கும் ஓயாத பெற்றோர் வாட்ஸ்அப் குழு, ஏப்ரல் வெயிலில் வீடு வீடாக அட்மிஷனுக்கு அலைவது ஆகிய எல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? அவை உன் உறக்கத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தும்தான் எடுக்கப்படுகின்றன.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் படித்துப் பார். எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளில் ஆசிரியரின் வேலை நேரம் வாரத்திற்குக் குறைந்தது 45 மணி என்று அதில் இருக்கிறது; நிர்வாகம் இந்த வரியைத்தான் உங்களிடம் எடுத்துக்காட்டும். ஆனால் அந்த 45 மணி, பாடம் நடத்தத் தயாராகும் நேரத்தையும் உள்ளடக்கியது என்று அதே வரி சொல்கிறது. அதாவது, வகுப்பறைக்கு வெளியே நீ உட்கார்ந்து தயாராகும் நேரமும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்பதும் அதே அட்டவணையில் உண்டு. யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 1966 அக்டோபர் 5 அன்று ஏற்றுக்கொண்ட பரிந்துரையிலும், ஆசிரியரின் வேலை நேரத்தை வகுக்கும்போது மாணவர் எண்ணிக்கை, பாடத் தயாரிப்பு, திருத்தும் பணி ஆகியவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே நீ கேட்கப் போவது புதிய சலுகை எதுவும் அன்று.

உன் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பில் நாற்காலி போடாமல் நாள் முழுவதும் நிற்க வைப்பதும், அடுத்தடுத்த பாடவேளைகளுக்கு இடையே கழிப்பறைக்குப் போகக்கூட இடைவெளி விடாததும் ஒழுங்கு ஆகாது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு சிறுநீர்த் தொற்றோடு வேலைக்குப் போகும் ஆசிரியைகளை நான் அறிவேன். நாற்பது வயதுக்குள் காலில் நரம்பு சுருண்டவர்களையும் குரல் கம்மிப்போனவர்களையும் அறிவேன். அந்த வரிசையில் நீ சேரக் கூடாது.

நான் வேலை பார்த்தது அரசு உதவி பெறும் பள்ளியில். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, ஓய்வுக்குப் பின் ஓய்வூதியம் வருகிறது. இது எங்கள் தலைமுறைக்கு யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததாக நீ நினைக்கக் கூடாது. இந்தப் பகுதி கொச்சி சமஸ்தானத்தில் இருந்த காலத்தில் உன் தாத்தா ஆசிரியராக இருந்தார். ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைவிடக் குறைந்த தொகையைப் பள்ளியை நடத்தும் மேனேஜர் கையில் கொடுப்பார் என்றும், கோடை விடுமுறை வந்தால் அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அந்நாளைய ஆசிரியர்கள் சங்கம் கூடி, வேலை இழந்து, போராடித்தான் நிலைமை மாறியது. உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்தை அரசே நேரடியாகவோ தலைமையாசிரியர் வழியாகவோ வழங்க வேண்டும் என்று 1958-ஆம் ஆண்டின் கேரளக் கல்விச் சட்டம் விதித்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி பெரிதாகி, 1959 ஜூலை 31 அன்று அதைக் கொண்டுவந்த கேரள அரசே கலைக்கப்பட்டது. ஓர் ஆசிரியரின் சம்பளம் அவர் கைக்கு முழுதாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு எவ்வளவு எதிர்ப்பு இருந்திருக்கிறது என்று பார். (உதவி பெறும் பள்ளிகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் நான் சொல்லமாட்டேன், நியமனத்திற்குப் பணம் வாங்கும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் ஒழியவில்லை.) உன் தோழியின் பள்ளியில் வங்கியில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு ஒரு பகுதியைப் பணமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள் என்று நீ சொன்னபோது, தாத்தா சொன்னதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அப்படியென்றால் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாமே என்று கேட்டாய். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனமும் தொழில் தகராறுச் சட்டத்தின் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரும் என்றது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்த கிருஷ்ண ஐயர். கல்விச் சட்டம் கொண்டுவந்த அந்த அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவரும் அவரே. ஆனால் 1988-இல், கோவாவில் பணி நீக்கப்பட்ட சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில், தொழில் தகராறுச் சட்டம் சொல்லும் ‘தொழிலாளர்’ என்பதில் ஆசிரியர் அடங்கமாட்டார் என்று அதே நீதிமன்றம் முடிவு செய்தது. கல்விப் பணி உயர்ந்தது, அதைக் கைத்திறன் வேலையோடும் எழுத்தர் வேலையோடும் சேர்க்க முடியாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதன் விளைவாக, பள்ளிப் பேருந்தின் ஓட்டுநருக்குத் திறந்திருந்த கதவு உள்ளே பாடம் நடத்தும் ஆசிரியைக்குத் திறக்கவில்லை. பணியின் உயர்வைச் சொல்லிப் பாதுகாப்பைக் குறைத்ததை என் மனம் இன்றுவரை ஏற்கவில்லை. ஆசிரியர்களின் குறையைத் தீர்க்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே சொன்னது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டே தனியார் பள்ளிகளுக்கு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பிறகு 2018-ஆம் ஆண்டில் புதியது இயற்றப்பட்டது. ஆகவே உங்கள் விண்ணப்பம் முதலில் தாளாளருக்கும், பிறகு கல்வித் துறைக்கும் போக வேண்டும்.

எல்லாக் கதவும் அடைபட்டுவிடவில்லை. வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) ஆசிரியர்கள் வெற்றி பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு அது கிடையாது என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே அது செல்லும் என்றது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. மாதத்தை 26 வேலைநாளாகக் கொண்டு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில், எட்டு ஆண்டு பணிக்கு 18,000 ரூபாய் சம்பளத்தில் ஏறக்குறைய 83,000 ரூபாய் உனக்கு வர வேண்டும். பழைய தொழிலாளர் சட்டங்களைத் தொகுப்புச் சட்டங்களாக மாற்றியிருந்தாலும் பணிக்கொடையும் சேமநிதியும் அவற்றிலும் உண்டு. ஏப்ரலில் விடுவித்து ஜூனில் புதிதாகச் சேர்த்ததாகக் காட்டும் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதே. தொடர்பணி அறுந்துபோனதாகக் காட்ட அது பயன்படும். மகப்பேறு விடுப்பில் நம் கேரளம் முந்திக்கொண்டது: தனியார் கல்வி நிறுவன ஆசிரியைகளை 2020-இல் மகப்பேறு நலச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

சிறிய பள்ளிகளுக்கு வருமானம் குறைவு என்பதும், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசு தாமதித்துத் தருகிறது என்பதும் உண்மைதான். அதை அரசிடம் கேட்க வேண்டியவர் தாளாளர். அந்தக் குறையை ஆசிரியைகளின் இரவுகளைக் கொண்டு நிரப்புவது நியாயம் ஆகாது.

வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டாய். விடுவதென்றால் விடு, அம்மா தடுக்கமாட்டேன். ஆனால் உன்னைக் குறைவாக எண்ணிக்கொண்டு விடாதே. அதற்கு முன் ஒரு மாதம், பள்ளிக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம், நடத்திய பாடவேளை, வீட்டில் திருத்திய நேரம் ஆகியவற்றைத் தனி நோட்டில் நாள்தோறும் எழுதி வை. உன்னோடு வேலை செய்யும் மற்றவர்களையும் எழுதச் சொல். ஒருத்தி தனியாகப் போய்க் கேட்டால் அவளை மாற்றிவிடுவார்கள். பத்துப் பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை அப்படி ஒதுக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்காமல், பாடவேளையை வாரத்திற்கு 28 ஆகக் குறைப்பது, இரவு ஏழு மணிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் பதில் சொல்லாதிருப்பது, வகுப்பில் நாற்காலி, விடுமுறையான மே மாதத்துக்கும் சம்பளம் என்று நான்கை மட்டும் முதலில் கேளுங்கள். விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நிர்வாகம் வாங்கி வைத்திருக்கும் உன் மூலச் சான்றிதழ்கள் உன் உடைமை. அவற்றைத் திரும்பத் தரும்படி தனியாக ஒரு கடிதம் கொடு.

காலாண்டு விடுமுறைக்கு வரும்போது நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், சேமநிதிக் கணக்கின் அச்சுப் பிரதி ஆகியவற்றை எடுத்து வா. உன்னோடு கையெழுத்திட விரும்பும் இரண்டு மூன்று பேரும் வந்தால் நல்லது, இங்கேயே தங்கலாம். விண்ணப்பத்தின் முதல் வரைவை நான் எழுதி வைத்திருக்கிறேன். வந்து படித்து, உங்கள் பள்ளிக்குப் பொருந்தாததை நீக்கிவிடு.

அன்புடன்,
அம்மா