ரேட் என்ன என்று கேட்டால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், கூடவே இருக்க வேண்டியிருந்தது. இப்போது நன்றாகத் தேறிவிட்டார், நேற்று கண்ணாடி இல்லாமலே காலண்டரில் தேதி பார்த்துச் சொன்னார். உன் மகள் நீச்சல் கற்றுக்கொண்டதைச் சொன்னேன், அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டு கான்ட்ராக்டில் இறங்கிய முதல் மாதமே மூன்று ரெக்ரூட்டர்கள், அதாவது கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் ஏஜென்சிக்காரர்கள், கூப்பிட்டார்கள், மூன்று பேரும் எடுத்த எடுப்பில் "உங்க ரேட் என்ன?" என்றார்கள், நீயும் பதற்றத்தில் பழைய சம்பளத்தை வேலை நாட்களால் வகுத்து ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு மனசு ஆறாமல் உட்கார்ந்திருந்தாய் என்று எழுதியிருந்தாய். நானும் என் முதல் கான்ட்ராக்டில் இதையேதான் செய்தேன். பதினான்கு மாதம் அந்த ரேட்டில் உழைத்தேன். ஒருநாள் கிளையன்ட், அதாவது நான் வேலை செய்துகொடுத்த கம்பெனியின் மேனேஜர் பட்ஜெட் ஷீட்டைத் திறந்து ஏதோ கூட்டல் சரிபார்க்கச் சொன்னார், அதில் என் பெயருக்கு நேரே ஒரு தொகை இருந்தது. எனக்கு வந்தது 100 என்றால் அவர்கள் ஏஜென்சிக்குக் கட்டியது 170. அன்று சாயங்காலம் வரை கை வேலை ஓடவில்லை. ஏஜென்சி பொய் சொல்லவில்லை, நான் கேட்காததை அவர்களாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அந்த வலி இன்னும் இருக்கிறது, அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வகுத்தல் கணக்கே தப்பு. வருஷத்தில் சனி ஞாயிறு போக சுமார் 260 நாள். சம்பளக்காரருக்கு 260 நாளுக்கும் காசு வரும், லீவு போட்டாலும் காய்ச்சலில் படுத்தாலும். உனக்கு? லீவு 20, அரசு விடுமுறை 10, உடம்பு சரியில்லாத நாள் 5 என்று வைத்துக்கொள். ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் இடைவெளி, கணக்கு வழக்கு பார்க்கும் நாள், இன்டர்வியூ நாள் எல்லாம் சேர்த்து 45 தாராளமாகப் போய்விடும். மிச்சம் 180. அதே வருமானம் வர வேண்டுமென்றால் நாளுக்கு 100 வாங்கிய இடத்தில் 144 வாங்க வேண்டும். கம்பெனி கட்டி வந்த இன்சூரன்ஸ், ஓய்வுக்காலச் சேமிப்பு, லேப்டாப், சாஃப்ட்வேர் எல்லாம் இதற்கு மேல். அந்தக் கணக்கை இன்று ராத்திரியே உட்கார்ந்து போட்டுவிடு, அது கையில் இல்லாமல் இனி எந்த ரெக்ரூட்டரிடமும் பேசாதே.

அப்புறம், ரெக்ரூட்டருக்கு என்ன லாபம் என்று புரிந்துகொள். கிளையன்ட் தருவது ஒரு தொகை, உனக்கு வருவது ஒரு தொகை, நடுவில் இருப்பது அவர்கள் மார்ஜின். மார்ஜின் இத்தனை சதவீதம் என்று கிளையன்டோடு முன்பே பேசி முடித்திருந்தால், உன் ரேட் ஏற ஏற அவர்களுக்கும் ஏறும், உனக்காகப் பேசுவார்கள். ஆனால் கிளையன்ட் தரும் தொகை நிலையாக இருந்தால், நீ குறைத்துக் கேட்ட ஒவ்வொரு காசும் நேராக ஏஜென்சிக்குப் போகும். எனக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. அதனால் "உங்க மார்ஜின் நிலையானதா, என் ரேட்டைப் பொறுத்து மாறுமா?" என்று கேட்டுவிடு. பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள், பரவாயில்லை, கேட்ட பிறகு பேச்சின் தொனியே மாறும். சதவீதம் சொன்னால் எதன் மேல் என்றும் கேள். கிளையன்ட் 125 கட்டி உனக்கு 100 வந்தால், ஒருவர் 25 சதவீதம் என்பார், இன்னொருவர் 20 என்பார், இரண்டும் ஒரே பணம்.

"நீயாக முதலில் எண்ணைச் சொல்லாதே" என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. முதலில் காதில் விழும் எண் நம்மைப் பிடித்துவைக்கும் என்பது உண்மை. 1974இல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிய ஒரு சோதனை உண்டு, ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள், அது 10இலோ 65இலோதான் நிற்கும்படி செய்திருந்தார்கள், பிறகு ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்களின் நடு மதிப்பு 25, 65 பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத சக்கரம் இப்படி இழுக்கிறது என்றால், நீ உன் வாயால் சொன்ன பழைய சம்பளம் எப்படி இழுக்கும்! ஆகவே மார்க்கெட் தெரியாத வேலைக்கு, "இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்?" என்று முதலில் கேள். அவர்களிடம் பெரும்பாலும் ஒரு தொகை இருக்கும். ஆனால் மார்க்கெட் உனக்குத் தெரியும், கணக்கும் போட்டாயிற்று என்றால் தயங்காமல் நீயே முதலில் சொல்லிவிடு, அப்போது சக்கரம் உன் கையில்.

சொல்லும்போது ஒரே எண்ணாகச் சொல். "90இலிருந்து 110 வரை" என்றால் அவர்கள் காதில் 90 மட்டும்தான் விழும். நான் மேஜையில் ஒரு சீட்டு ஒட்டிவைத்திருக்கிறேன், மூன்று எண்: கேட்கப் போவது, சம்மதிக்கக்கூடியது, அதற்குக் கீழே போகவே கூடாதது. போன மாதம் ஒருவர் கூப்பிட்டார். முதல் எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டும் சத்தம், பிறகு அதுவும் நின்றுவிட்டது. நாலைந்து விநாடிதான், ஆனால் "கொஞ்சம் குறைக்கலாம்" என்று நாக்கு நுனி வரை வந்தது. சீட்டைப் பார்த்தபடி இருந்தேன். "கேட்டுப் பார்க்கிறேன்" என்றார், மறுநாள் சரி என்று மெயில் வந்தது.

பழைய ரேட்டைக் கேட்டால் பொய் சொல்லாதே, ஆனால் சொல்லவும் வேண்டாம். "அது வேறு வேலை, இந்த வேலைக்கு என் ரேட் இது" என்றால் போதும். பல ஒப்பந்தங்களில் தொகையை வெளியே சொல்லக் கூடாது என்றே இருக்கும், உன்னுடையதைப் புரட்டிப் பார்.

பேசி முடித்ததும் எல்லாவற்றையும் மெயிலில் வாங்கு. மணிக்கா நாளுக்கா, நாள் என்றால் எத்தனை மணி, வரி உள்பட்டதா, பணம் எப்போது வரும். இந்தக் கடைசிதான் முக்கியம். மாதக் கடைசியில் இன்வாய்ஸ், அதிலிருந்து 60 நாள் என்றால் முதல் நாள் செய்த வேலைக்கு 90ஆம் நாள்தான் காசு. "சேருங்கள், மூன்று மாதத்தில் ஏற்றித் தருகிறோம்" என்பதும் எழுத்தில் இல்லாவிட்டால் கணக்கில் கிடையாது. இன்னொன்று, கிளையன்ட் யார் என்று தெரியாமல் ரெஸ்யூமே அனுப்பச் சம்மதிக்காதே. இரண்டு ஏஜென்சி ஒரே இடத்துக்கு இரண்டு ரேட்டில் உன்னை அனுப்பினால், வம்பு வேண்டாம் என்று உன்னையே விட்டுவிடுவார்கள்.

நீ ஏற்கெனவே எண் சொன்ன அந்த மூவரில் யாரும் இன்னும் கையெழுத்து வாங்கவில்லையே? அப்படியானால் கதவு மூடவில்லை. "வேலை விவரம் முழுதாகப் பார்த்தேன், அதற்கான என் ரேட் இது" என்று இரண்டு வரி மெயில் போடு. ஒருவர் போய்விடலாம், போகட்டும். வியாழக்கிழமை பேசுவதாகச் சொன்ன ரெக்ரூட்டரிடம் இருந்தே ஆரம்பி. அதற்கு முன்னால் உன் கணக்கை எனக்கு அனுப்பு, புதன் ராத்திரி நான் விழித்துத்தான் இருப்பேன், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து நாற்காலிக்காரன்