பழைய கரை எங்கே என்று தரையில் ஒரு கோடு போடுங்கள்

சிங்கப்பூரின் நிலத்தைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் என் மகள் வரலாற்றுப் பாடத்துக்காக 1819ஆம் ஆண்டு சிங்கப்பூரை வரைந்தாள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் வந்த கப்பலுக்குப் பாய்மரமெல்லாம் வைத்திருந்தாள். ஆனால் தீவின் உருவத்தை மட்டும் இன்றைய வரைபடத்தின் மேல் தாள் வைத்து அப்படியே எடுத்துவிட்டாள். கிழக்கே சாங்கி விமான நிலையம் நேர்க்கோடாக நிற்கிறது, தென்மேற்கே ஜூரோங் தீவு ஒரே துண்டாக இருக்கிறது. அது ஏழு தீவுகளை ஒட்டவைத்துச் செய்தது, வேலை முடிந்ததே 2009ல்தான் என்றேன். "அப்போ பழைய கரை எங்க இருந்துச்சுப்பா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப்போனேன். மலாயில் தெலுக் என்றால் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828லிருந்து 1830க்குள் அங்கே நாகூர் தர்காவைக் கட்டியபோது எதிரே கடல்தான். கொஞ்சம் தள்ளியிருக்கும் தியான் ஹொக் கெங் கோயிலில், சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கரையிறங்கியதும் கடல் தெய்வமான மாசுவுக்கு நன்றி சொன்னார்கள். அப்புறம் பக்கத்துக் குன்றுகளை வெட்டி அந்த விரிகுடாவையே தூர்த்துவிட்டார்கள். தர்கா வாசலில் நின்று மகள் பார்த்தபோது எதிரே வரிசையாக அலுவலகக் கட்டடங்கள். கடலைப் பார்த்தே தீரவேண்டும் என்று மரினா பே வரை நடந்தோம். அதுவும் இப்போது கடல் இல்லை, 2008ல் அணை வந்தபின் குடிநீர்த் தேக்கம்.

கடலைத் தூர்த்ததைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. 1822லேயே கம்பெனிக்காரர்கள் ஒரு குன்றை வெட்டி ஆற்றங்கரைச் சதுப்பை மேடாக்கினார்கள். 1965ல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது நம் கையில் இருந்தது சுமார் 580 சதுர கிலோமீட்டர், இன்று 730ஐத் தாண்டிவிட்டது. பிரிவதற்கு முன்பே ஈஸ்ட் கோஸ்ட்டில் சோதனையாகக் கடலைத் தூர்த்துப் பார்த்து, பிரிந்த மறுவருடமே பெரிய அளவில் ஆரம்பித்தோம் என்பதைப் பார்த்தாலே, நிலத்துக்கு எவ்வளவு தவித்தோம் என்பது புரியும். நம் குன்றுகள் போதாமல் அக்கம்பக்கத்து நாடுகளின் மணலை வாங்கினோம். 1997ல் மலேசியா மணலை நிறுத்தியது, 2007ல் இந்தோனேசியாவும் நிறுத்தியது. நடுவில் 2003ல், நாம் கடலைத் தூர்ப்பதை எதிர்த்து மலேசியா அனைத்துலகக் கடல்சட்டத் தீர்ப்பாயம் வரை போய், 2005ல்தான் சமரசமானது. இத்தனையும் நம் அரசியல் வரலாறு, அது எழுதப்பட்டிருப்பது கரையோரத்தில்.

அதனால்தான் கேட்கிறேன். தெலுக் ஆயரிலிருந்து பீச் ரோடு வரை, அங்கிருந்து காத்தோங் வரை, பழைய கரை போன வழியில் நடைபாதையிலேயே ஒரு பித்தளைப் பட்டை பதியுங்கள். அங்கங்கே வருடத்தைப் பொறியுங்கள். பலகை வைத்தால் யாரும் நின்று படிப்பதில்லை, கோடு இருந்தால் பிள்ளைகள் அதன்மேலேயே நடப்பார்கள். ஜூரோங் தீவுக்குள் போய்விட்ட ஏழு தீவுகளின் பெயர்களையும், அங்கே குடியிருந்த மலாய் மீனவக் குடும்பங்கள் மறந்துபோவதற்குள், எங்காவது பொறித்து வையுங்கள்.

இப்போது ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு வெளியே சுமார் 800 ஹெக்டேரில், கடலைத் தூர்த்து உருவாக்கும் லாங் ஐலண்ட் வரப்போகிறது. கடல்மட்டம் ஏறுகிறது, நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 5 மீட்டருக்கும் தாழ்வான நிலம், அதனால் அது தேவைதான். ஆனால் என் மகள் சைக்கிள் பழகிய கரையும் அன்றைக்குப் பழைய கரையாகிவிடும். முதல் லாரி மண் விழுவதற்கு முன்னால் அங்கே அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள்.

அவள் படத்தை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறாள். தெலுக் ஆயர் பக்கம் மட்டும் மையால் போட்டிருக்கிறாள், மற்ற கரையெல்லாம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.