கேம் கடைக்காரர்களுக்கு: அந்த 18ஐ வாய்விட்டுச் சொல்லுங்கள்

வீடியோ கேம் டிஸ்க் விற்கிற, வாடகைக்கு விடுகிற கடைக்காரர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவரிடம்தான் என் பத்து வயது மகனுக்கு 'டெட் ஸ்பேஸ்' வாங்கினேன். 2023இல் புதுப்பித்து வந்ததே, அது. செகண்ட் ஹேண்ட், 1,800 ரூபாய். "பையனுக்குத்தான், எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "ஸ்பேஸ் கேம் சார், சயின்ஸ் எல்லாம் வரும்" என்றார். அட்டையில் விண்வெளி உடையில் ஓர் ஆள். நம்பிவிட்டேன்.

சயின்ஸ் வந்தது உண்மைதான். கதாநாயகன் ஐசக் கிளார்க் ஒரு பொறியாளர். சுரங்க வேலைக்கான வெட்டுக்கருவியை வைத்து, பிணங்களிலிருந்து உருமாறிய ஜந்துகளின் கைகால்களை அறுத்துத் தள்ளுவார். உடம்பில் சுட்டால் லேசில் சாகாது, அறுத்தால்தான் வேலை நடக்கும். கைகால்களை வெட்டு என்று சுவரிலேயே ரத்தத்தால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஜந்துகள் காற்றுக்குழாயைப் பிய்த்துக்கொண்டு வரும். எங்களுடையது பழைய வீடு. மகன் படுக்கிற அறையில் மேலே மூன்று வென்டிலேட்டர். ஒருநாள் ராத்திரி நாற்காலி போட்டு ஏறி அவற்றில் பழைய துணியை அடைத்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "கொசு வருதுப்பா" என்றான். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூன்றாம் நாள் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனையும் மூடச் சொன்னபோதுதான் உறைத்தது. இந்தப் புழுக்கத்திலும் அந்தத் துணியை இன்னும் எடுக்க விடவில்லை.

அப்புறம்தான் பெட்டியைச் சரியாகப் பார்த்தேன். மூலையில் சிவப்புக் கட்டத்தில் 18. ஐரோப்பாவின் பெகி அமைப்பு தந்த வயது முத்திரையாம். கால்பந்து கேம்களுக்கு வருஷா வருஷம் ஓர் எண் போடுவார்களே, அப்படி ஏதோ என்று நினைத்திருந்தேன். தப்பு என்மேலும்தான். ஆனால் அந்தப் பெட்டிகளோடே நாள் முழுக்க இருக்கிற உங்களுக்குமா தெரியாது? எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேமைத் தடை செய்யச் சொல்லவில்லை. மகன் தூங்கிய பிறகு நானே ஆடிப் பார்த்தேன். பெரியவர்களுக்கு அருமையான கேம். (ஹெட்போனைப் பாதியில் கழற்றிவிட்டேன் என்பது வேறு விஷயம்.)

சினிமாவில் யாராவது சிகரெட்டைப் பற்றவைத்தால் உடனே திரையில் எச்சரிக்கை வருகிறது. 2024இல் யு/ஏ சான்றிதழைக்கூட 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தார்கள். கைகால் அறுப்பது உடல்நலத்துக்குக் கேடு என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது. சரி, அது அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். பெட்டியில் 18 என்று இருந்தால், தயவுசெய்து அதை வாயால் சொல்லிவிட்டு டிஸ்கைக் கொடுங்கள். முடிந்தால் கார் ரேஸ் டிஸ்க்குகளோடு கலக்காமல் தனித் தட்டில் வையுங்கள். இந்த டிஸ்கைத் திருப்பிக் கொண்டுவருகிறேன், பாதி விலைக்கு எடுத்துக்கொண்டாலும் சரி. அடுத்து வாங்க வருபவரிடம் மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வென்டிலேட்டரில் துணி அடைத்த வீட்டுக்காரன்