4கே என்று அச்சிட்ட மெமரி கார்டு தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோனது குறித்துப் புகார்

அனுப்புநர்: திருமண வீடியோ ஒளிப்பதிவாளர், கும்பகோணம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை, மெமரி கார்டு பிரிவு

பொருள்: 128 ஜிபி கார்டின் உறையில் உள்ள தவறான வாசகமும், அதனால் ஏற்பட்ட இழப்பும்

ஐயா / அம்மா,

பதினான்கு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். இந்தப் புகாரை ஏற்கெனவே இரண்டு முறை மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டுக்கும் வந்த பதில் நான் கேட்டதற்கான பதிலாக இல்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

போன ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்காக உங்கள் 128 ஜிபி கார்டு ஒன்றைத் தஞ்சாவூரில் பில் போட்டு வாங்கினேன். என் கேமராவில் 4கே எனும் மிகத் தெளிவான வீடியோ வினாடிக்கு 200 மெகாபிட் கணக்கில் பதிவாகும். அந்தக் கணக்குக்கு 128 ஜிபி ஏறக்குறைய 85 நிமிடம் தாங்கும். பெண்ணை மேடைக்கு அழைத்து வருவதில் தொடங்கி அட்சதை போட்டு முடிகிற வரை கார்டு மாற்ற வேண்டாம் என்றுதான் இந்த அளவை எடுத்தேன். உறையின் முன்பக்கத்தில் "4கே வீடியோ" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே "வினாடிக்கு 100 எம்பி", அதாவது 100 மெகாபைட், என்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து கேமராவிலேயே ஃபார்மட் செய்து மூன்று நிமிடம் எடுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

மண்டபத்தில் பெண் மேடைக்கு வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் ஆசீர்வாதம் வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். தட்டு திரும்பி வந்தது, மாப்பிள்ளை எழுந்தார், கெட்டிமேளம் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத் திரையில் சிவப்புப் புள்ளி அணைந்தது. கார்டில் எழுதும் வேகம் போதவில்லை, பதிவு நிறுத்தப்பட்டது என்று செய்தி வந்தது. பட்டனை அழுத்திப் பார்த்தேன், எடுக்கவில்லை. கார்டு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி பதிவு தொடங்கியபோது, மூன்றாவது முடிச்சைப் போட்டு முடிக்கிற நாத்தனார் கை மட்டும் கிடைத்தது. மாப்பிள்ளை போட்ட முடிச்சு இல்லை. பக்கவாட்டில் நின்ற இன்னொரு கேமராவில் உறவினர்களின் முதுகும் தூவிய அட்சதையும்தான் இருக்கின்றன.

பெண்ணின் பாட்டி நடக்க முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர். வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாராம். பெண்ணின் அம்மா போனில், "தம்பி, தாலி கட்டுற இடம் மட்டும் எங்கப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பேசிய தொகையில் 8,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கேட்கக்கூட இல்லை.

அப்புறம்தான் உங்கள் கார்டை உட்கார்ந்து பார்த்தேன். அதன் மேல் யு எழுத்துக்குள் 1 என்று ஒரு சின்னக் குறி, பக்கத்தில் ஏ1. யு1 என்றால் தொடர்ந்து எழுதும்போது வினாடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் உத்தரவாதம், அவ்வளவுதான். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆகவே என் கேமராவுக்கு வேண்டியது வினாடிக்கு 25 மெகாபைட். இதற்கு 30 மெகாபைட் உத்தரவாதம் தரும் யு3 அல்லது வி30 கார்டு வேண்டும். ஏ1 என்பது போனில் செயலிகள் ஓடுவதற்கான தரம், வீடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் பெரிதாகப் போட்டிருக்கும் அந்த 100, கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படிக்கும் வேகம். அதுவும் "வரை" என்ற சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சேர்த்துப் போட்டது. படிக்கும் வேகம் வீட்டில் காப்பி எடுக்கும்போது உதவும். தாலி கட்டும்போது வேண்டியது எழுதும் வேகம். அது உறையில் எங்குமே இல்லை.

வீட்டுச் சோதனையில் ஏன் ஓடியது என்பதும் புரிந்தது. பெரிய கோப்பு ஒன்றை அதில் எழுதிப் பார்த்தேன். முதலில் வினாடிக்கு 60 மெகாபைட் காட்டியது, போகப் போக 18க்கு இறங்கியது. உள்ளே இருக்கும் வேகமான தற்காலிக இடம் நிரம்பும் வரை ஓடிவிட்டுப் பிறகு தளர்வது பல கார்டுகளின் குணம். இது எனக்குத் தெரியாமல் இருக்கலாம். கார்டைச் செய்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

உங்கள் முதல் பதில் போலிக் கார்டாக இருக்கலாம் என்றது. கார்டை முழுக்க நிரப்பிச் சரிபார்க்கும் மென்பொருளில் போட்டேன், 128 ஜிபியும் பிழையில்லாமல் வந்தது. இரண்டாவது பதில் கேமரா நிறுவனத்தைக் கேட்கச் சொன்னது. அவர்கள் கையேட்டில் இந்தப் பதிவுக்கு யு3 வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் விட்டது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 4கே என்று நீங்கள் போட்டிருந்ததை நம்பித்தான் பார்க்காமல் விட்டேன். வினாடிக்கு 50 மெகாபிட் ஃபுல் எச்டி என்றால் ஆறேகால் மெகாபைட்தான், அதற்கு இந்தக் கார்டு தாராளம். அப்படிச் சொல்லியே விற்றிருக்கலாமே.

அதே கார்டுக்குப் பதில் கார்டு தருவதாகச் சொன்னீர்கள். சரி, அதை வைத்து நான் என்ன செய்வது? எனக்கு அது வேண்டாம். கார்டின் விலையும் நான் திருப்பிக் கொடுத்த 8,000 ரூபாயும் வேண்டும். யு1 கார்டுகளின் உறையிலிருந்து 4கே என்பதை எடுக்க வேண்டும். குறைந்தபட்ச எழுதும் வேகத்தை, படிக்கும் வேகம் இருக்கும் அதே அளவு எழுத்தில் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும். பணத்தைவிட இதுதான் எனக்கு முக்கியம். என்னைப் போலக் கார்டு வாங்குகிறவர்கள் இந்த ஊரிலேயே எத்தனையோ பேர். அவர்கள் யாரும் இன்னொரு பெண்ணின் அம்மாவிடம் என்னைப் போல நிற்கக் கூடாது.

தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கும் பொருளுக்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

பில், உறையின் இரு பக்கப் படங்கள், பதிவு நின்ற கோப்பு, வேகச் சோதனையின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கார்டு என்னிடம்தான் இருக்கிறது. ஆள் அனுப்பினால் அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்