ஃபார்மட் செய்வதற்கு முன்

கும்பகோணம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டு உறங்குகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். வைஃபை கிடைக்காத மடிக்கணினியை வரும் சனிக்கிழமை கடையில் கொடுத்து முழுவதுமாக ஃபார்மட் செய்துவிடப் போவதாக நேற்றிரவு சொன்னாய். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்று விளக்குவதற்குள் உன் குரல் தழுதழுத்துவிட்டதால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். அந்தக் காரணத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். மடிக்கணினியில் இணையம் இல்லை, கைப்பேசியோ சோதனைக்கே தேவைப்படும், ஆகவே படித்துக்கொண்டே செய்வதற்கு மேசைமேல் ஒரு தாள் இருப்பதுதான் வசதி என்று கருதி இதைத் தபாலில் அனுப்புகிறேன்.

நீ சொன்னதையெல்லாம் நேற்றே குறித்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரின் ரூட்டர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. உன் அறை மாடியில் இருக்கிறது. அதே வைஃபையில் உன் கைப்பேசிக்கு இணையம் தடையின்றி வருகிறது. மடிக்கணினியோ இணைந்துவிட்டதாகக் காட்டிவிட்டு, அதன் கீழேயே 'இணையம் இல்லை' என்கிறது. சில நேரம் இணையவே மறுக்கிறது. ஆனால் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டால் அதே மடிக்கணினி நன்றாக வேலை செய்கிறது. எனவே ரூட்டரிலும் குறையில்லை, மடிக்கணினியின் வைஃபை அட்டையிலும் குறையில்லை, கெட்டுப்போனது விண்டோஸ்தான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறாய். ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறாய், அந்தக் கணக்கில் தூரம் ஒன்றுதான் விடுபட்டுப் போயிருக்கிறது.

தொலைபேசி நிலையத்தில் நான் பழுது பார்த்த நாட்களைப் பற்றி உனக்கு அதிகம் சொன்னதில்லை. 198-க்குப் புகார் வந்ததும் நாங்கள் முதலில் லைன்மேனை அனுப்ப மாட்டோம். எம்.டி.எஃப். என்று ஓர் உயரமான இரும்புச் சட்டம் உண்டு. ஊரிலிருந்து வரும் கேபிள்கள் அதன் ஒரு பக்கத்திலும், எக்ஸ்சேஞ்சின் கம்பிகள் மறுபக்கத்திலும் வந்து முடியும். புகார் வந்த எண்ணுக்கு உரிய ஃப்யூஸைப் பிடுங்கி வெளி லைனைத் துண்டித்துவிட்டு, எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் சோதனைத் தொலைபேசியின் இரண்டு கிளிப்புகளையும் மாட்டிக் காதில் வைத்துக் கேட்பேன். டயல் டோன் வந்தால் எக்ஸ்சேஞ்ச் நன்றாக இருக்கிறது, பழுது தெருவிலோ வீட்டிலோதான். வராவிட்டால் கம்பத்தில் ஏறுவது வீண். அரை நிமிட வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் புறப்பட்ட நாட்களில் ஒரு புகாருக்காக ஊரையே சுற்றி வந்திருக்கிறோம். வைஃபைக்கும் அதே வழிதான் பொருந்தும். பழுது எந்தப் பக்கம் என்று தெரியும் முன் எதையும் கழற்றவோ அழிக்கவோ கூடாது.

ரூட்டர் பக்கத்தை நீ ஏற்கெனவே பார்த்துவிட்டாய். உன் கைப்பேசி அதே பெயர் கொண்ட வைஃபையில் வேலை செய்கிறது என்றால் வெளியிலிருந்து வரும் ஃபைபர் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒரே ஓர் எச்சரிக்கை: அப்போது கைப்பேசியின் மொபைல் டேட்டா அணைந்திருந்ததா என்று உறுதி செய்துகொள், இல்லையென்றால் சிம் தரும் இணையத்தை வைஃபையின் இணையம் என்று நம்பிவிடுவாய். என்றாவது எல்லோருக்குமே இணையம் நின்றுபோனால், ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல். அது சிவப்பானால் பெட்டிவரை ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். உன் அறையில் செய்ய எதுவும் இல்லை.

இனி உன் ஹாட்ஸ்பாட் சோதனைக்கு வருகிறேன். அந்தச் சோதனையின்போது கைப்பேசி எங்கே இருந்தது? மேசைமேல், மடிக்கணினிக்கு ஒரு சாண் தள்ளி இருந்திருக்கும். ரூட்டரோ ஒரு கான்கிரீட் தளத்துக்கும் இரண்டு சுவர்களுக்கும் அப்பால் இருக்கிறது. காதருகே வந்து பேசினால் மட்டும் கேட்கிறது என்பதற்காக ஒருவருக்குச் செவி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆகவே அதே சோதனையை இன்னொரு முறை செய்: ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, கைப்பேசியை அறைக்கு வெளியே மாடிப்படியின் மேற்படியில் வைத்து, மடிக்கணினியை மேசையிலேயே விட்டுவிட்டுப் பார். பிறகு அதற்கு நேர்மாறாக, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மடிக்கணினியைக் கீழே எடுத்துச்சென்று ரூட்டருக்கு ஐந்தடி தூரத்தில் வைத்துப் பார். படியில் வைத்த ஹாட்ஸ்பாட் கிடைக்காமல், ரூட்டருக்கு அருகில் இணையம் தடையின்றி வந்தால், விண்டோஸ்மேல் குற்றமில்லை. உன் மடிக்கணினிக்குத் தூரத்துச் சிக்னலைப் பிடிக்கும் வலு போய்விட்டது.

எனக்கு இந்த ஐயம் வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வைஃபை பட்டியலில் கைப்பேசி அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்களைப் பத்துக்கு மேல் காட்டுகிறது, மடிக்கணினி இரண்டோ மூன்றோதான் காட்டுகிறது என்று நீ போகிற போக்கில் சொன்னாய். இரண்டாவது, சென்ற மாதம்தான் திரையின் கீல் உடைந்து, அதை ஒரு கடையில் மாற்றினாய். மடிக்கணினியின் வைஃபை அட்டை விசைப்பலகைக்குக் கீழே இருக்கும். ஆனால் பெரும்பாலான மடிக்கணினிகளில் ஆன்டெனா திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்ப்பவை நூல் போன்ற இரண்டு கம்பிகள். பெரும்பாலும் ஒன்று கறுப்பு, மற்றொன்று வெள்ளை அல்லது சாம்பல் நிறம். அவை கீலின் வழியாகத்தான் மேலே போகின்றன. கம்பியின் நுனியில் கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும். அட்டையில் உள்ள காம்பின்மேல் அதை நேராக வைத்து நகத்தால் அழுத்தினால், சட்டையின் பிரஸ் பட்டன் உட்காருவதுபோல் 'டக்'கென்று உட்காரும். கீலை மாற்றுகிறவர் அதைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்திருக்கலாம், பாதி மாட்டியிருக்கலாம், கீலுக்கிடையில் கம்பி நசுங்கியும் இருக்கலாம். கம்பி விலகிய அட்டை செத்துப்போவதில்லை. அருகில் இருப்பதை மட்டும் பிடிக்கும். இணைந்தும் இணையம் இல்லை என்று நீ சொல்வதற்கு அது சரியாகப் பொருந்துகிறது.

அந்த 'இணையம் இல்லை' என்பதைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். வைஃபையோடு இணைவது ஒரு வேலை. இணைந்தபின் ரூட்டரிடமிருந்து ஒரு முகவரி எண்ணை வாங்குவது வேறு வேலை. கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் இடைவெளி விடாமல் தட்டு. ஐபிவி4 முகவரி என்ற வரியில் 192.168 என்று தொடங்கும் எண் இருந்தால் ரூட்டர் முகவரி கொடுத்திருக்கிறது (சில வீடுகளில் 10 என்றும் தொடங்கும்). 169.254 என்று தொடங்கினால், கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் மடிக்கணினி தனக்குத்தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். சிக்னல் மெலிந்து கேள்வியும் பதிலும் வழியில் தொலையும்போது இப்படி நேரும். முகவரி சரியாக இருந்தால், டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் உள்ள எண்ணுக்குப் பிங் கொடு (பிங் என்பது பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை), அந்த எண் ரூட்டருடையது. பதில் வந்தால் அடுத்து 8.8.8.8-க்குப் பிங் கொடு. அது கூகுள் பொதுவில் வைத்திருக்கும் ஒரு சர்வர். அதுவும் பதில் சொல்லி, இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பக்கம் கோளாறு இருக்கக்கூடும். எங்கள் காலத்து 197 என்ற எண் விசாரணையில் ஆள் இல்லாததுபோல அது: எண் தெரிந்தால் அழைப்பு போகும், பெயரைச் சொன்னால் எண் எடுத்துத் தர ஆள் இருக்க மாட்டார். ஒவ்வொரு பிங்கிலும் நான்கு வரிகள் வரும். நான்கும் வந்தனவா, நடுவில் ஒன்றிரண்டு தவறினவா என்று பார்த்து எழுது. தவறித் தவறி வருவதுதான் மெலிந்த சிக்னலின் அடையாளம்.

கம்பியைத் தவிர வேறு காரணமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ரூட்டருக்கு அருகிலும் அதே கதை என்றால் மென்பொருளைப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதற்கும் ஃபார்மட் கடைசி வழி. முதலில் ரீஸ்டார்ட் செய். ஷட் டவுன் செய்து மறுபடி போட்டேனே என்று சொல்லாதே. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால் ஷட் டவுன் முழுமையாக நடப்பதில்லை, பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் தான் அதைத் துடைக்கும். அடுத்து, அந்த வைஃபையை மறக்கச் செய்து கடவுச்சொல்லைப் புதிதாக இடு. அதன்பின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால், அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர் பெரும்பாலும் தானாகவே திரும்ப வரும். டிரைவரை நீக்கு என்ற சிறு கட்டத்தில் மட்டும் டிக் போடாதே. டிரைவரை இணையத்திலிருந்து இறக்க நேர்ந்தால் கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் மாட்டி, டெதரிங் போட்டு அதன் இணையத்தையே கணினியில் பயன்படுத்திக்கொள்ளலாம், அதற்கு வைஃபையே தேவையில்லை. நெட்வொர்க் ரீசெட் அதற்கும் பிறகுதான். அது சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்களை எல்லாம் அழித்துவிடும், பல்கலைக்கழக வலைக்குள் நுழைய நீ வைத்திருக்கும் வி.பி.என்.-ஐயும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கலாம்.

இவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து, செய்தபின் சோதித்து, தாளில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போ. ஒரே இரவில் ஆறு மாற்றங்களைச் செய்தேன் என்றாய். அவற்றில் எது எதைக் கெடுத்தது என்று இப்போது உனக்கே சொல்ல முடியவில்லை. உதாரணமாக, டி.என்.எஸ். எண்ணைக் கையால் மாற்றியதாகச் சொன்னாயே, அதைத் தானாகவே பெறும் நிலைக்குத் திருப்பி வைத்துவிட்டுத் தொடங்கு.

அம்மாவின் பழைய மடிக்கணினிக்குச் சென்ற பொங்கலின்போது நேர்ந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். வைஃபை இருந்தது, பிங் போனது, எந்தத் தளமும் திறக்கவில்லை; பாதுகாப்பு எச்சரிக்கை மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டு மாலைகள் ரூட்டரைக் குறை சொன்னபின் திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. உள்ளே இருக்கும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் வட்டச் செல் தீர்ந்துபோய், கணினி தன் நாளையே மறந்திருந்தது. தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி முடிவு செய்துவிடும். செல்லை மாற்றியதும் சரியாயிற்று. உன் கணினியிலும் தேதியை ஒருமுறை பார்த்துவிடு.

சனிக்கிழமை கடைக்குப் போவதானால் ஃபார்மட் என்ற சொல்லையே எடுக்காதே. வைஃபை ஆன்டெனா கம்பிகள் இரண்டும் அட்டையில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று உன் கண்முன்னால் திறந்து பார்க்கச் சொல். பின்மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். அந்தக் குமிழை இடுக்கியால் இழுக்கக் கூடாது, கம்பியோடு பிய்ந்து வந்துவிடும். கம்பி நசுங்கியிருந்து மாற்றுக் கம்பி உடனே கிடைக்காவிட்டால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள். ஆய்வேடு முடியும்வரை அது தாங்கும். அடாப்டர் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையோடு 2.4-ஐயும் பிடிப்பதாக இருக்கட்டும், தளத்தையும் சுவரையும் கடந்து வருவதில் 2.4-தான் வலுவானது. கடைக்குப் புறப்படும் முன், நான்காம் இயல் உட்பட ஆய்வேட்டுக் கோப்புகள் அனைத்தையும் ஒரு பென் டிரைவில் எடுத்து உன் கைப்பையில் வைத்துக்கொள். கணினியை அங்கே விட்டுவிட்டு வராதே. எத்தனை நேரமானாலும் உட்கார்ந்திருந்து கையோடு வாங்கி வா.

கடைசியாக ஒரு கட்டளை. நெட்எஸ்ஹெச், இடைவெளி, டபிள்யூலேன், இடைவெளி, ஷோ, இடைவெளி, இன்டர்ஃபேசஸ் (netsh wlan show interfaces). இதைத் தட்டினால் சிக்னல் என்ற வரியில் ஒரு விழுக்காடு வரும். மேசையில் எவ்வளவு, கதவருகே எவ்வளவு, ரூட்டருக்கு ஐந்தடியில் எவ்வளவு என்று மூன்று இடத்திலும் பார்த்து, இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுது. கடிதம் புதன்கிழமைக்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன். அன்றிரவு எத்தனை மணியானாலும் கூப்பிடு, விழித்திருப்பேன். அந்த மூன்று எண்களை முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா