கத்தியில் குறையில்லை, மென்பொருளில்தான்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: காகிதம் வெட்டும் இயந்திரத்தோடு வந்த வடிவமைப்பு மென்பொருள் பற்றிய புகார்

ஐயா / அம்மா,

உங்கள் இயந்திரத்தை வாங்கி ஏழு வாரம் ஆகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இயந்திரத்தின் மேல் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. எவ்வளவு நெளிவான கோடாக இருந்தாலும் பிசகாமல் வெட்டுகிறது. என்ன வெட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்கிற மென்பொருளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். திறந்த பத்தே நிமிடத்தில் முதல் படைப்பு என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறீர்கள். எனக்கு அது பதினோராம் நாள்தான் வந்தது. அதுவும் உதிரி உதிரியாக.

நான் வெட்ட நினைத்தது ஒரே ஒரு சொல், ‘வாழ்த்துகள்’. எட்டு அங்குல அகலம், கெட்டி அட்டை. எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, தூக்கினால் மொத்தமாக வர வேண்டும். ஒரு சட்டத்துக்குள் வைத்து மாட்டுவதாகத் திட்டம்.

உங்கள் மென்பொருளில் தட்டிப் பார்த்தேன். ‘து’ உடைந்துபோய், தகரம் ஒரு பக்கமும், உகரக் குறி புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தில் தொங்கிக்கொண்டு இன்னொரு பக்கமும் நின்றன. சரி, வேறு சொல்லில் பார்ப்போம் என்று ‘கொண்டாட்டம்’ அடித்தால், கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. எழுத்துருவை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார் உங்கள் உதவிப் பிரிவுக்காரர். நிறுவினேன். மூன்று எழுத்துருக்களிலும் அதே கதைதான். அதே எழுத்துருக்கள் என் கணினியில் மற்ற இடங்களில் ஒழுங்காகத் தெரிகின்றனவே என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சொல்லை வேறொரு செயலியில் அடித்து, அதைப் படமாகச் சேமித்துக் கொடுத்தேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. வெட்டியபோது எழுத்தின் ஓரமெல்லாம் எலி கொறித்தது போல வந்தது. படம் என்பது சின்னச் சின்னக் கட்டங்கள், மென்பொருள் அவற்றின் விளிம்பைத் தேடிக் குத்துமதிப்பாக ஒரு கோடு போடுகிறது, அந்தக் கோட்டில்தான் கத்தி போகிறது என்பது அப்புறம்தான் எனக்குப் பிடிபட்டது. நிறம், நிழல், பளபளப்பு எதுவும் கத்திக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது கோடு மட்டும். இந்த ஒரு விஷயத்தை உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருந்தால் பாதி அட்டை மிஞ்சியிருக்கும். கையேட்டில் இருப்பதோ இயந்திரத்தை எந்த மேசையில் வைக்க வேண்டும் என்பதும், மின்கம்பியை எங்கே செருக வேண்டும் என்பதும்தான்.

சரி, கோடாகவே கொடுப்போம் என்று, வரைபட மென்பொருள் ஒன்றில் சொல்லை அடித்து, எழுத்தைக் கோடாக மாற்றி, படத்தைக் கோடுகளாகவே வைத்திருக்கும் எஸ்விஜி கோப்பாகச் சேமித்தேன். எட்டு அங்குலம் என்று அளந்துதான் சேமித்தேன். உங்களுடையதில் திறந்தால் சின்னதாகத் தெரிந்தது. திரைதானே என்று விட்டுவிட்டேன். வெட்டிய பிறகு அளவுகோலை வைத்தால் ஆறு அங்குலம். சரியாக முக்கால் பங்கு. தற்செயலாகச் சுருங்குகிற பொருள் இப்படிக் கணக்குப் பார்த்துச் சுருங்காது. தோண்டிப் பார்த்தேன். நான் சேமித்த இடத்தில் அங்குலத்துக்கு 72 பிக்சல் கணக்கு. என் சொல்லின் அகலம் 576 பிக்சல். கோப்பில் அந்த எண் மட்டும்தான் இருக்கிறது, அங்குலம் என்று எங்கும் இல்லை. உங்கள் மென்பொருள் அங்குலத்துக்கு 96 என்று எடுத்துக்கொள்கிறது. 576-ஐ 96-ஆல் வகுத்தால் ஆறு. இதை ஒரு தாளில் எழுதிப் படம் பிடித்து உங்கள் உதவிப் பிரிவுக்கு அனுப்பினேன். பிளேடை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள்.

அளவைச் சரிசெய்து, எழுத்துகளை நெருக்கி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘குரூப்’ கொடுத்தேன். குரூப் என்றால் ஒன்றாகிவிடும் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? ஒன்றாவது நகர்த்துவதற்கு மட்டும்தானாம். ஒரு எழுத்தின் மேல் இன்னொன்று ஏறிய இடத்தில் இரண்டின் கோடும் அப்படியே இருக்கும், கத்தி இரண்டையும் வெட்டும். எழுத்துகள் சேர வேண்டிய இடத்திலேயே துண்டு துண்டாகக் கழன்று வந்தன. நான் கொடுத்திருக்க வேண்டியது ‘வெல்டு’, ஒன்றன்மேல் ஒன்று ஏறியவற்றை ஒரே வெளிக்கோடாக இணைப்பது. அந்தப் பட்டன் குரூப்புக்கு இரண்டு பட்டன் தள்ளித்தான் இருக்கிறது. திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் உங்கள் முன்னோட்டம் எழுத்துக்குள் கறுப்பு நிரப்பிக் காட்டுகிறது. வெட்டப்போகும் கோடுகளை மட்டும் காட்டியிருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பேன்.

மறுபடி வெட்டினேன், வெல்டு கொடுத்து. சொல் முழுசாக எழுந்து வந்தது, மூன்று புள்ளிகளைத் தவிர. ழ், த், ள் மூன்றின் தலையிலும் இருக்க வேண்டிய புள்ளிகள், வெட்டும்போது அட்டையைப் பிடித்துவைக்கும் பசை விரிப்பான ‘மேட்’டிலேயே ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. இதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, காற்றில் நிற்கிற புள்ளியை எந்த இயந்திரமும் பிடித்துவைக்காது. புள்ளியைக் கொஞ்சம் கீழே இழுத்து எழுத்தைத் தொடவிட்டு, அப்புறம் வெல்டு கொடுத்தால் நிற்கிறது. ஆனால் எதையும் தொடாத துண்டு ஒன்று இருக்கிறது என்று வெட்டுவதற்கு முன் ஒரு வரி எச்சரிக்கை காட்டுவது மென்பொருளால் ஆகாத காரியமா?

அடுத்தது அட்டை. நான் வாங்கிய அட்டையின் உறையில் 220 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 220 கிராம், என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. உங்கள் பட்டியலில் ‘லேசான அட்டை’, ‘நடுத்தர அட்டை’, ‘கனமான அட்டை’. எது எத்தனை கிராம்? நடுத்தரத்தில் பாதிதான் வெட்டியது. கனமானதில் அட்டையைத் தாண்டி மேட்டையும் கீறிவிட்டது. 12 அங்குல மேட் இரண்டு இப்படிப் போயின. இரண்டாவது மேட்டின் மேல் ‘வாழ்த்துகள்’ என்று நன்றாகவே வாசிக்கலாம். மூலையில் சின்னச் சதுரம் ஒன்றை வெட்டிப் பார்க்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறது என்பதையே ஐந்தாம் வாரம்தான் கண்டேன், அமைப்புகளுக்குள் மூன்றாவது அடுக்கில்.

மென்பொருள் கற்க நாள் பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும், அதற்குச் சலிப்பவள் இல்லை. தப்பு செய்தால் ஏன் தப்பு என்று தெரிந்தால்தானே அடுத்த தடவை திருத்திக்கொள்ள முடியும்? இங்கே ஒவ்வொரு தடவையும் அட்டை வீணான பிறகு நானே துப்புத் துலக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். கீறிப்போன இரண்டு மேட்டுகளுக்கும் மாற்று அனுப்புங்கள், அளவு குறிப்பிடாத பட்டியலை நம்பியதால் போனவை அவை. எஸ்விஜி கோப்பைத் திறக்கும்போது 72-ஆ 96-ஆ என்று ஒரு கேள்வி கேட்கச் செய்யுங்கள். அட்டைப் பெயர்களுக்குப் பக்கத்தில் கிராம் எண்ணைப் போடுங்கள். தமிழ் எழுத்து உடைவதைச் சரிசெய்யப் போகிறீர்களா இல்லையா என்பதை நேராகச் சொல்லுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை, வேறு வழி வைத்திருக்கிறேன். இன்னொரு தடவை எதையும் நீக்கி நிறுவ மட்டும் சொல்ல வேண்டாம்.

குரூப் கொடுத்து வெட்டிய முதல் சொல்லை இத்துடன் உள்ள உறையில் வைத்திருக்கிறேன். வெல்டு கொடுத்ததில் உதிர்ந்த மூன்று புள்ளிகளும் அதிலேயே இருக்கின்றன. உறையைப் பார்த்துத் திறங்கள், காற்றடித்தால் பறந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்